இருபத்தேழாம் நம்பர் ரோபோ

டிராகன் முகமூடியைத் தூக்கியதும் மஞ்சுளா போட்ட சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. உள்ளே இருந்தது அவளுடைய மகள் நந்து இல்லை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றிருந்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மா எல்லி?" என்று கன்னடத்தில் அம்மாவைத் தேடிக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு குழந்தையை வேறொருவரிடம் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

ரசிகர் விழாக்களில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மானம் போகிற கதைதான். பரவாயில்லை, படியுங்கள்.

1. நான் எப்படி அங்கே போனேன்

ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தேன். போல்ட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் லைனுக்குப் போகும். ஸ்லிப் கொண்டுவந்தால் டேக்கைப் பார்ப்பேன், நம்பர் ஒத்துப்போனால் இஷ்யூ பண்ணுவேன். கொண்டுவந்தவன் யார் மச்சான் என்றெல்லாம் பார்த்ததில்லை. ஒரு நாளும் தப்பு நடந்ததில்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

ரிட்டயர் ஆன பிறகு, பாகலூர் ரோடு மண்டபம் ஒன்றில் காமிக்ஸ், அனிமே, கேம் ரசிகர்களுக்கு இரண்டு நாள் விழா நடந்தது. பெரியவர்கள் வேஷம் கட்டி மேடை ஏறுவார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்குத் தனி ஹால்: முகத்தில் பெயிண்ட், முகமூடி செய்வது, அட்டைப்பெட்டியை வெட்டி ரோபோ வேஷம் செய்வது. விழா நடத்திய பெண், "சார், உங்கள மாதிரி ஸ்ட்ரிக்ட்டான ஆளுதான் அந்த ஹாலுக்கு வேணும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நோட்டு போட்டேன். டோக்கன் போட்டேன். அம்மா அப்பா கையில் ஒரு டோக்கன், குழந்தையின் வேஷத்தில் அதே நம்பர் டேக், சேஃப்டி பின் குத்தி. நோட்டில் எழுதியது இப்படி: இருபத்தேழு, வெள்ளி ரோபோ. முப்பத்தொன்று, பச்சை டிராகன். பேர் எழுதவில்லை. ஸ்டோர்ஸில் பேருக்கு என்ன வேலை?

பெட்டியில் டேக் ஒட்டினால் போதும், உள்ளே இருக்கும் சரக்கு பெட்டியை விட்டு எழுந்து போகாது. என் புத்தியில் இருந்தது அதுதான். குழந்தைகள் வேஷத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நந்துவுக்கு ரோபோ பிடித்தது, அந்தப் பையனுக்கு டிராகன் வால் பிடித்தது. மாற்றிக்கொண்டார்கள். டேக்கும் வேஷத்தோடு போய்விட்டது. இருபத்தேழாம் டோக்கனோடு பையனின் மாமா வந்தார், நான் நம்பர் பார்த்தேன், ரோபோவைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த ரோபோவுக்குள் நந்து இருந்தாள்.

2. ஆறு ரோபோ

மஞ்சுளா பர்கூர்க்காரி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை. மேடைப் போட்டிக்காக முகம் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் பூசி, அட்டை வாளோடு ராணி வேஷத்தில் நின்றாள். அந்தப் பெயிண்ட்டில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க சார் என் புள்ள? அரை மணி நேரம் மேடைக்குப் போயிட்டு வந்துர்றேன்னுதான விட்டுட்டுப் போனேன்?"

கேட்டைச் சாத்தச் சொன்னேன். மைக்கில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொன்னார்கள்: வெள்ளி ரோபோ வேஷத்தில் இருக்கும் குழந்தையை உடனே குழந்தைகள் ஹாலுக்குக் கூட்டி வரவும். வந்தது ஒரு ரோபோ இல்லை, ஆறு ரோபோ. நாங்கள்தானே காலையிலிருந்து வரிசையாகச் செய்து கொடுத்தோம்! ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கினாள் மஞ்சுளா. ஒவ்வொரு தடவையும் வேறு முகம். ஆறாவது பெட்டிக்குள்ளும் நந்து இல்லை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டைப் புரட்டினேன். அதில் ஏதாவது இருக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். அவள் எழுந்துவந்து நோட்டைப் பிடுங்கினாள்.

"ரோபோ, டிராகன், பூன, புலி... என் புள்ள பேரு எங்க சார் இதுல? ஒரு போன் நம்பராச்சும் வாங்கினீங்களா? இன்னா சார் மனுசன் நீங்க!"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்த பையன் முன்னால் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, "அம்மன நம்பர் கொத்தா புட்டா?" என்று கன்னடத்திலேயே அவன் அம்மா நம்பரைக் கேட்டாள். அவன் விக்கிக்கொண்டே அம்மாவின் போன் நம்பரைப் பாட்டு மாதிரி ஒப்பித்தான். அவ்வளவு நேரம் என் பக்கத்திலேயே நின்றவன். நான் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்த அவன் அம்மா தமிழில் சாதாரணமாகத்தான் பேசினார். "நம்ம பையனா? கார்ல, பின்னாடி சீட்லதான் இருக்கான். பாக்ஸுக்குள்ள என்ன சொல்றான்னே புரியல, அழுது அழுது தூங்கிட்டான். அந்த பாக்ஸ கழட்டவே விடல, ஒரே அடம். நாங்க அத்திப்பள்ளி டிராபிக்ல நிக்கறோம். யாருங்க நீங்க?"

"அந்த பாக்ஸ எடுத்துப் பாருங்கக்கா" என்றாள் மஞ்சுளா. "உங்க பையன் எங்கிட்ட இருக்கான்."

சீட் பெல்ட் கழற்றும் சத்தம் கேட்டது. அட்டை கிழிகிற சத்தம். பிறகு போனில் வந்த அலறலைக் கேட்டு ஹாலில் இருந்த மொத்தக் கூட்டமும் திரும்பியது. "அய்யோ தேவரே! இது யார் மக?"

பையனைப் பெத்த தாயே பக்கத்தில் இருந்தும் தெரியாமல் நந்து மாநில எல்லைவரை போயிருக்கிறாள். அந்த மாமா நல்ல மனிதராக இருந்ததால் தப்பித்தோம். வேறு யாராவது கீழே கிடந்த டோக்கனை எடுத்துக்கொண்டு வந்திருந்தாலும் அதே மாதிரி நம்பர் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

3. நந்து சொன்னது

கார் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆனது. பையன் ஓடிப்போய் அவன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். நந்துவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்ட மஞ்சுளா, முத்தம் கொடுத்துக் கொடுத்து அவள் முகத்தையும் வெள்ளியாக்கிவிட்டாள்.

"ஏன் சாமி, தெரியாதவங்க கூப்பிட்டா போவியா நீ? அம்மா சொல்லியிருக்கேன்ல?"

நந்து என்னைக் கை காட்டினாள். "இது எங்க மாமா இல்லன்னு இந்தத் தாத்தாகிட்ட சொன்னேம்மா. ரெண்டு தடவ சொன்னேன். தாத்தா நம்பரப் பாத்துட்டு, போ போன்னு சொல்லிட்டாங்க."

உண்மைதான். பெட்டிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது என்று நினைத்தேன். குனிந்து கேட்கவில்லை. டேக் சரியாக இருந்ததே!

"மன்னிச்சிரும்மா" என்று மஞ்சுளாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "எங்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? சொன்னது அவ" என்றாள். நந்துவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் என்னை வர வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். வரச் சொன்னார்கள். பேர், போன் நம்பர், மணிக்கட்டில் பட்டை எல்லாம் வைத்தோம். அதெல்லாம் நீங்களும் வைப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. முப்பத்தோரு வருஷம் நான் கொடுத்த சரக்கு எதுவும் வாய் திறந்து பேசியதில்லை. குழந்தை பேசும். இப்போது எந்த வேஷமாக இருந்தாலும் முகத்தைத் திறந்து, முட்டி வலித்தாலும் கீழே உட்கார்ந்து, "வந்திருக்கிறது யாரு கண்ணு?" என்று கேட்கிறேன். அது சொல்லி முடிக்கும்வரை பிடித்த கையை விடுவதில்லை.