பின்விளக்குக்குப் போன ஒயர்

வடக்கே பனி நாட்டுச் சிற்றூரான யோர்னில் கார் மின்வேலை என்றால் குன்வோர்தான். தம்பி தாகெயைப் புதைத்த மறுநாளே பட்டறையைத் திறந்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல் மனசுக்காரி என்று சிலர் பேசினார்கள். அவளுக்கோ எதைத் தொட்டாலும் தடித்த கம்பளிக் கையுறை போட்டுத் தொட்டது போலிருந்தது.

விபத்து நடந்தது சனவரி நடுப்பகலில். முன்னால் போன வண்டி கிளப்பிய பனிப்புழுதிக்குள் தாகெ வேகத்தைக் குறைத்திருக்கிறான். பின்னால் மரம் ஏற்றி வந்த ஓஸ்தெனின் லாரி அவன் காரின் மேல் ஏறிவிட்டது. ஓஸ்தெனும் அதே ஊர்க்காரன்தான்.

நசுங்கிய கார் அவள் பட்டறைக்கே வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிய வண்டி. ஹெட்லைட் சுவிட்ச் போடப்படவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. எஞ்சின் ஓடி மின்சாரம் பிறந்ததும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் சேர்ந்து, பகலிலும் எரிய வேண்டிய முன்பக்கப் பகல் விளக்குகளை எரியவிடும். ஹெட்லைட்டைப் போட்டால் அது விலகிக்கொள்ளும். உள்நாட்டு வண்டிகளில் பின்விளக்கும் கூடவே எரியும்; அந்த வண்டியில் பின்விளக்குக்கு மின்சாரம் போவது ஹெட்லைட் சுவிட்ச் வழியாக மட்டும்தான். முன்னால் வெளிச்சத்தைப் பார்த்த தாகெ, பின்னாலும் எரிகிறது என்று நினைத்திருக்கிறான்.

பனி உருகும் காலத்தில் ஓஸ்தென் மனைவியின் காரோடு வந்து நின்றான்.

"இருக்கியா, குன்வோர்?"

"இல்லாம எங்க போறேன். கதவ சாத்து, சூடெல்லாம் வெளிய போவுது."

"சீவோட வண்டி. இதுவும் வெளிநாட்டுது. பகல் விளக்கு எரியிறப்ப பின்னாலயும் எரியணும். வேற எடத்துல செய்யலாம்தான்... ஆனா..."

"வேற எடத்துல, சுவிட்சப் போடக் கத்துக்கோன்னு திருப்பி அனுப்புவான். சாவியக் குடு."

ரிலேயிலிருந்து பின்விளக்குக்கு ஓர் ஒயர் இழுத்தாள். ஹெட்லைட் போடும்போது மின்சாரம் அதே வழியில் பின்வாங்கி வராதபடி நடுவில் ஒரு டையோடு வைத்தாள்.

"பின்னால போய் நில்லு. எரியுதா சொல்லு."

எஞ்சினைக் கிளப்பினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்ன, வாய்ல பனி விழுந்துருச்சா? எரியுதா இல்லையா?"

இறங்கிப் போனாள். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் முன்னால் ஓஸ்தென் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி. பேண்டு நனையுது."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல, குன்வோர். சத்தியமா."

"எரியாத வெளக்கு எப்படித் தெரியும்?"

வேலையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு அவன் குலுங்கி அழுதான். அவள் திருத்தவில்லை. காப்பி ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

ஓஸ்தென் மறுபடி லாரி ஏறவில்லை, மரமில்லில் சேர்ந்தான். அவன் சொல்லிச் சொல்லி, ஊரிலிருந்த வெளிநாட்டு வண்டிகளெல்லாம் அதே ஒயர் வேலைக்காக அவளிடம் வந்தன. டயர் மாற்ற வந்த சீவ் ஒருநாள் கேட்டே விட்டாள்:

"அவரு மேல உனக்குக் கோவமே இல்லையா?"

"தேடித்தான் பாத்தேன், சீவ். கெடைக்கல. வண்டியக் கொஞ்சம் முன்னால எடு."