சவ்வில் வைத்த குங்குமம்

எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் ஸ்பிரிட் நாற்றம் அடிக்கும். கடலூர் ரசாயன ஆலை ஒன்றின் கழிவுக் குட்டை எங்கள் தெருவுக்குப் பின்னால்தான். குளித்துவிட்டு வந்தால் அம்மாவுக்குக் கை முழுக்கத் தடிப்பு. அந்தக் கடுப்பில்தான் சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். லட்சியம் கிட்சியம் ஒன்றும் கிடையாது.

நான் செய்தது ஒரு சவ்வு. பாலிமரைக் கரைத்து, ரசாயனம் சேர்த்து இறுக வைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தெடுப்பேன். கழிவிலிருக்கும் தண்ணீரை மட்டும் அது அந்தப் பக்கம் விடும். ஸ்பிரிட்டை இந்தப் பக்கமே நிறுத்திவிடும். அதை ஆலையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், குட்டைக்குப் போகாது. நாலு வருஷம் மல்லுக்கட்டி, அதே ஆலையில் ஒரே ஒரு நாள் சோதித்துப் பார்க்கச் சம்மதம் வாங்கினோம். சரியாக வந்தால் பெரிய மெஷினே வைப்பதாகச் சொன்னார்கள்.

அன்று காலை எங்கள் சின்ன சோதனை மெஷினுக்கு மாலை, வாழைப்பழம், ஊதுபத்தி. சரி, நம் ஊரில் புது மிக்சிக்கே பொட்டு வைக்கிறவர்கள்தானே. இரும்பில் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் என் கைடு, பெரிய பேராசிரியர், மூடி போடுமுன் சவ்வின் நடுவிலேயே குங்குமத்தை வைத்து அழுத்தினார்.

“சார், சார்! அது தலமுடிய விட மெல்லிசு சார்!”

“சாமி காரியம்மா, ஒண்ணும் ஆவாது.”

ஆயிற்று. பம்ப்பைப் போட்டதும் ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஒன்றாகவே அந்தப் பக்கம் கொட்டின. ஆலை மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். கைடு கொஞ்சமும் கூசாமல், “பொண்ணு இன்னும் கத்துக்கணும் சார்” என்றார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருக்க, குழாய் வால்வை மட்டும் அடைத்து மூடியைக் கழற்றி, சவ்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பொட்டுக்கு நடுவில் நகம் பட்ட கிழிசல்.

“நான் செஞ்சதுல கொற இல்ல சார். இவுரு நகம் கிழிச்சிருக்கு. பையில இன்னொண்ணு வச்சிருக்கேன். பத்து நிமிஷம் குடுங்க, மாட்டிடறேன்.”

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சேம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“குட்டைக்குப் போற பைப்பு ராகு காலத்துல நிக்குமா சார்?”

“ஏய், வாய மூடு” என்று கைடு பல்லைக் கடித்தார். மேனேஜர் சுவிட்சை அணைத்தார். எங்கள் பம்ப் சத்தம் நின்றதும்தான், சுவருக்கு அந்தப் பக்கம் கழிவு கொட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.