உறங்கும் விதைக்குக் காவல் இருந்தவர்

பிரிக்பீல்ட்ஸில் நான் ஐஸ் கடை வைத்திருந்தபோது தினமும் காலையில் வருவார், ஒல்லியான, கண் சிவந்த ஒரு மனிதர். மலையுச்சிச் சதுப்பில் மட்டும் வளர்ந்த ஒரு செடியின் விதைகளை ஈரப்பாசியில் பொதிந்து, குளிர் குறையாமல் ஐஸ் போட்ட டப்பாவில் வைத்திருந்தார். ரோடு போட்டவர்கள் அந்தச் சதுப்பை மூடிவிட்டதால் மிஞ்சியது அவ்வளவுதான். ஐஸ் வாங்கும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து எட்டிப் பார்த்து, உடனே மூடிவிடுவார்.

"முளைச்சிருச்சா அண்ணே?"

"இல்ல தம்பி. தூங்குதா, செத்துப்போச்சான்னே தெரியல. அறுத்துப் பாத்தா தெரியும். ஆனா அறுத்தா செத்துரும். பயத்துல தூக்கமே வரல."

மழைக்காலத்தில் ஒருநாள் டப்பாவை என்னிடம் நீட்டினார். பாசிக்கு நடுவே நூல்போல ஒரு பச்சை முளை.

"உயிரோட இருக்கு அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அவர் டப்பாவைச் சட்டென்று மூடினார். "முழிச்சிருச்சு தம்பி. இனிமே லேசா வெயில் பட்டாலும் போயிரும் லா. இப்பத்தான் நெசமாவே பயமா இருக்கு."

டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி, கடைகளின் நிழலை ஒட்டியே நடந்து போனார்.