கல்கத்தா வரிசையில் ஒரு காதல் பாட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தை ஏன் அவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்டேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காதல் பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். என் கணவர் சிரித்ததே போதும்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மின்னி பே கடற்கரைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பியாலி இறங்கினாள். பின்னாலேயே டேனியல், முதுகில் கிடாருடன்.

பியாலி யார் என்றால் — புரோத்ராபூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கதிரேசனின் மகள். கதிரேசன் பரமக்குடிக்காரர். அவர் மனைவி ஷெஃபாலி, டிக்லிபூர்ப் பக்கத்து வங்காளி. ஆகவே பெண்ணுக்குப் பெயர் வங்காளம், இனிஷியல் தமிழ். டேனியல் கார் நிக்கோபார் தீவுக்காரன். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இவர்கள் ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். என்ன மாதிரி மியூசிக் என்று கேட்டால், "வேர்ல்ட் ஃப்யூஷன், ஆன்ட்டி" என்பார்கள்.

அப்படியென்றால்? என் சந்தேகம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பியாலி போனை எடுத்து வரிசையாகப் போட்டுக் காட்டினாள். போர்ச்சுகல் காதல் பாட்டு, ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பாலைவன ஊரின் காதல் பாட்டு, பாரசீகம், கொரியா... ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் குரலிலேயே ஒன்று தெரிந்தது. எல்லாப் பாட்டிலும் யாரோ யாருக்காகவோ காத்துக் கிடக்கிறார்கள். வரவேண்டியவர் வரவில்லை.

"நம்ம கப்பல் டிக்கெட் கதை மாதிரியே இருக்கே" என்றேன். டேனியல் மட்டும் சிரித்தான். பாவம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்கிறவன் அவன்தான்.

சரி, என்னிடம் என்ன வேலை? பியாலி விஷயத்துக்கு வந்தாள். அவள் அப்பா அம்மாவுக்கு வெள்ளி விழா வருகிறது. புரோத்ராபூரில் ஹால் பிடித்தாயிற்று. பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. அப்பாவின் அண்ணன் பெரியப்பா முன்னின்று எல்லாம் செய்கிறார். ஒரே ஒரு சிக்கல்தான். அம்மா வரமாட்டேன் என்கிறாள்.

கல்யாண நாளுக்குக் கல்யாணப் பெண்ணே வரமாட்டேன் என்றால்?

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தீவு வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இங்கே விசேஷ வீட்டில் ஆர்கெஸ்ட்ரா வைத்தால், வந்திருக்கிற எல்லா மொழிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு காதல் பாட்டு பாடியாக வேண்டும். தெலுங்குப் பாட்டு வந்தால் தெலுங்கு மேஜை எழுந்து ஆடும். மலையாளம் வந்தால் அந்தப் பக்கம் விசில் பறக்கும். ராஞ்சிக்காரர்கள் தங்கள் முறைக்காகக் காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரையாவது விட்டுவிட்டால் தீர்ந்தது. மொய் வைக்கிற கை கூட முறைத்துக்கொண்டுதான் நீளும்.

கதிரேசன் வீட்டு விசேஷங்களில் இந்தப் பட்டியல் பெரியப்பா கையில். அவர் யாரையும் விடமாட்டார். ஆனால் முதலில் நாலைந்து தமிழ்ப் பாட்டு, அப்புறம் மற்றவர்கள், கடைசியில் வங்காளம். கடைசி என்றால் எது? பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கும் நேரம். ஹாலே எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு வங்காளிக் காதல் பாட்டு உருகிக்கொண்டிருக்கும். காதுகுத்துக்கு அப்படித்தான். கிரகப்பிரவேசத்துக்கும் அப்படித்தான். ஷெஃபாலியின் அண்ணன் குடும்பம் டிக்லிபூரிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் வந்து, தங்கள் பாட்டைக் கரண்டிச் சத்தத்தோடு கேட்டுவிட்டுப் போகும்.

பட்டியலை மாற்றச் சொல்லிக் கதிரேசன் கேட்டிருக்கிறார். பெரியப்பா, "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்றாராம். எத்தனை அடுத்த தடவை! இந்த முறை ஷெஃபாலி சொல்லிவிட்டாள் — நீங்கள் பாடுங்கள், சாப்பிடுங்கள், நான் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறேன்.

அதனால்தான் பியாலிக்கு இந்த யோசனை. பாதி வங்காளம், பாதி தமிழ், ஒரே பாட்டு. அதை அப்பாவே மேடையில் அம்மாவுக்குப் பாட வேண்டும். தமிழ் வரிகளுக்கு நான்.

உங்களுக்கு என்னைத் தெரியும். கேட்டால் போதும், நெகிழ்ந்துவிடுவேன். ஒரு வாரம் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். 'வெண்ணிலவின் விளிம்பினிலே விழிநனைத்த பேரெழிலே' என்று ஆரம்பித்து... வேண்டாம், மீதியை விட்டுவிடுகிறேன். என் கணவர் வாசித்துவிட்டு, "யாரு இது, எனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

ஒத்திகை சிப்பிகாட் கிராமத்தில். பேண்டில் தாளம் போடும் தெலுங்குப் பையன் வீட்டுப் பாக்குக் கொட்டகை. அவன் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டுகிறான். டேனியல் கிடாரில், அவர்கள் ஊரில் தோளோடு தோள் கோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்தின் நடையைக் கொண்டுவந்தான். அதன்மேல் பியாலியின் வங்காளி வரிகள் இழைந்து போயின. நன்றாகவே இருந்தது. எனக்கே காலை ஆட்ட வேண்டும் போலிருந்தது.

அப்புறம் என் வரிகள் வந்தன. கதிரேசன் மைக்கைப் பிடித்து 'வெண்ணிலவின்' வரை போனார். நின்றுவிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இத யாருக்குப் பாடுறது? ஷெஃபாலிக்குத் தமிழ்ல 'வா', 'சாப்பிடு', 'போதும்'... அம்புட்டுத்தான் தெரியும். நான் பேரெழிலேன்னு நின்னா, கடையில எந்தச் சரக்கு வரலன்னு கேப்பா."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நீங்கள் அவளிடம் முதன்முதலில் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் கழுத்து வரை சிவந்துபோனார். மகள் முன்னால் சொல்லமாட்டேன் என்றார். மகள் கிடாரையே கீழே வைக்கச் சொல்லிவிட்டாள்.

கதை இதுதான். அப்போதெல்லாம் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் என்றால் விடியும்போதே போய் வரிசையில் நிற்க வேண்டும். மெட்ராஸ் கப்பலுக்கு ஒரு வரிசை, கல்கத்தா கப்பலுக்கு ஒரு வரிசை. கதிரேசன் ஊருக்குப் போக மெட்ராஸ் டிக்கெட் எடுக்கப் போனவர். கல்கத்தா வரிசையில் அம்மாவோடு, அண்ணனோடு ஷெஃபாலி நின்றிருந்தாள். பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேரே போய்க் கேட்டிருக்கிறார்:

"யே லைன் மதராஸ் கா ஹை க்யா?"

இது மெட்ராஸ் வரிசையா என்று. இல்லை என்பது நன்றாகத் தெரிந்துகொண்டே!

அவள், "நஹி, கல்கத்தா கா" என்றாளாம். இவர், "சலேகா" — பரவாயில்லை, அதுவும் ஓகே — என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். "எப்படியோ சமாளிச்சு நுழைஞ்சிட்டேன்க்கா" என்றார், இத்தனை வருஷம் கழித்தும் மார்பை நிமிர்த்திக்கொண்டு.

ஜன்னல் வந்தது. வந்துவிட்டால் டிக்கெட் எடுக்காமல் எப்படி நகர்வது? எடுத்தார். கல்கத்தாவுக்கு! அங்கே அவருக்கு ஒரு ஈ காக்காய் தெரியாது. பங்க் கிளாஸில் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்துப் படுக்கை. வழியெல்லாம் வாந்தி. ஷெஃபாலி எலுமிச்சம்பழம் கொடுத்தாள். கல்கத்தாவில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி, இந்தியாவின் பாதியைச் சுற்றிக்கொண்டு பரமக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

டேனியல்தான் கிடாரை எடுத்து, அந்தக் கேள்வியையே மெட்டில் போட்டுப் பார்த்தான். 'யே லைன் மதராஸ் கா ஹை க்யா'... உட்கார்ந்துவிட்டது!

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த இருவரும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது இந்தியில். இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத பாஷை. இங்கே கடைத்தெருவில் காதால் பிடித்தது. சண்டை வந்தால் இருவருக்குமே பாதியில் வார்த்தை தீர்ந்துபோகும். வார்த்தை தீர்ந்தபிறகு சண்டையை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? எனக்கும் என் கணவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினையோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

விழா போன சனிக்கிழமை சாயங்காலம். ஷெஃபாலி வந்தாள். மகள் பாடுகிறாள் என்பதற்காக வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மேடையில் போட்டிருந்த அலங்கார நாற்காலியில் உட்காரவில்லை. கதவோரம், மடியில் ஹேண்ட்பேக். கதிரேசன் பட்டு வேட்டியில் மேடையில் தனியாக, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பெரியப்பா வழக்கம்போலப் பட்டியலோடு நின்றார். தமிழ், தமிழ், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி. பியாலியின் பாட்டை அவர் எங்கே போட்டிருந்தார்? அதிலும் வங்காளம் இருக்கிறதல்லவா... கடைசியில்.

மூடிகளைத் திறக்கிற சத்தம் கேட்டது. வாசனை வந்தது. முன்வரிசை எழுந்தது. ஷெஃபாலியும் எழுந்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

கதிரேசன் நாற்காலியிலிருந்து குதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியப்பா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். டேனியல் சட்டென்று கிடாரைத் தொடங்கினான். கதிரேசனுக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடை ஷட்டரை இறக்குவதுபோல இருந்தது.

"யே லைன்... மதராஸ் கா ஹை க்யா?"

ஹாலில் பாதிப் பேருக்குக் கதை தெரியாது. தட்டோடு அப்படியே நின்றார்கள். ஷெஃபாலி கதவருகே நின்றாள். திரும்பவில்லை. அவர் இன்னொரு தடவை பாடினார். இந்த முறை குரல் உடைந்தது.

பியாலி இன்னொரு மைக்கோடு ஓடி அம்மாவிடம் நீட்டினாள். ஷெஃபாலி அதை வாங்கினாள். அவசரப்படவில்லை.

"நஹி. கல்கத்தா கா."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. அவள் முடிக்கவில்லை. இந்தியிலேயே நிதானமாகப் பேசினாள். மெட்ராஸ் வரிசை அடுத்த கட்டடத்தில் இருந்தது, இவர் அங்கிருந்து நடந்து வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றாள். பின்னால் எல்லோரும் கத்தினார்களே, யார் அடக்கியது? நான்தான். "ஹமாரே சாத் ஹை" — எங்களோடு வந்தவர் — என்று சொன்னேன். அம்மாவின் மூட்டையை நகர்த்தி இவருக்கு இடம் விட்டேன் என்றாள்.

கதிரேசன் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷமாகத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர்!

"மேரா லைன் மே தும்கோ ஜகா தியா நா?" என்றாள். "தும்ஹாரா லைன் மே மேரா ஜகா கிதர் ஹை?"

என் வரிசையில் உனக்கு இடம் கொடுத்தேனே... உன் வரிசையில் எனக்கு இடம் எங்கே?

பெரியப்பா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். பிறகு சமையல்காரர்கள் பக்கம் திரும்பி, "மூடுங்கப்பா எல்லாத்தையும்" என்றார். அண்டாக்கள் மூடின. தட்டை எடுத்தவர்கள் தட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

ஷெஃபாலி மேடைக்குப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். பை மட்டும் தோளிலேயே இருந்தது. பியாலி வங்காளி வரிகளைப் பாடினாள். டிக்லிபூர் அண்ணன் எழுந்தார், அவர் குடும்பம் எழுந்தது, டேனியலின் நடைக்குத் தெலுங்கு மேஜையும் ராஞ்சி மேஜையும் எழுந்து தோளில் கை போட்டுக்கொண்டன. கடைசியில் பெரியப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வட்டம் ஹாலைத் தாண்டி வராண்டா வரை போயிற்று. வங்காளம் முடிந்ததும் 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். மறுபடி பாடினாள். மறுபடியும் கேட்டார்கள்.

என் தமிழ் வரிகளா? அதையும் விடவில்லை, கடைசியில் பாடினார்கள். அருமையாக அமைந்தது என்று டேனியல் சொன்னான்.

எனக்குத் தெரியாது. நான் பிரியாணி வரிசையில் நின்றிருந்தேன்.