எங்கிருந்து வந்தோம் என்று அக்கா கேட்ட கேள்வி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப்பேர் அவரிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். அவரது நல்ல குணங்களை நீங்களே அறிவீர்கள். அவர் மனத்தில் இருந்த ஒரு வருத்தத்தைத் தங்கை நான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். கிணறு வற்றியதும் அப்பா எங்களை ஆரணிக்கு அழைத்து வந்து, பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் சேர்ந்தார். அப்பா இறந்தபோது அக்கா கல்லூரியில் இருந்தார். டியூஷன் எடுத்துக்கொண்டே பி.எட். முடித்து ஆசிரியரானார், என்னைப் படிக்க வைத்தார், எனக்குத் திருமணமும் செய்து வைத்தார். தனக்கென்று அவர் யோசிக்கவில்லை. நாங்களும் நினைவூட்டவில்லை.

மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள் என்ற பாடம்தான் அவருக்கு மிகவும் பிடித்தது. "புக்குல இருக்கிறத அப்புறம் படிக்கலாம். நீங்க எந்த ஊர்ல இருந்து வந்தீங்க, ஏன் வந்தீங்கன்னு வீட்ல கேட்டு எழுதிகினு வாங்க" என்பார். மழை பொய்த்தது, தறி வேலை கிடைத்தது, கல்யாணமாகி வந்தோம் என்று பிள்ளைகள் எழுதி வருவார்கள்.

ஓராண்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: தன் அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதி, மாமா வெட்ட வருவார் என்று பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தார்கள். அந்த நேர்மை அக்காவை நெகிழ வைத்தது. பாராட்டி, வகுப்பில் ஊர்ப் பெயரோடு உரக்கப் படித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவளுடைய தாய் பள்ளிக்கு வந்தார்.

"இத்தினி வருஷமா வாயத் தொறக்காம இருந்தோம் டீச்சர். இப்ப க்ளாஸ் புள்ளைங்க மூலமா தெரிஞ்சி, நாங்க குடியிருக்கிற வீட்டுக்காரம்மா எங்க ஊர் பேரச் சொல்லி விசாரிச்சிகினு நிக்கிறாங்க. எங்க அண்ணன் காதுக்குப் போனா என்னா ஆவறது?"

"தப்பு என்னுதும்மா. பாப்பாவ மட்டும் நிறுத்திடாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க எத்தினி நாள் பாத்துப்பீங்க? டீச்சர் கேட்டாங்கன்னு பொண்ணு சொல்லிச்சி. உங்ககிட்ட பொய் சொல்ல வேணாம்னுதான் சொல்லி அனுப்பினேன்."

அந்த வாரமே அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். மக்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று கற்பித்த அக்காவால் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனது. அப்படித்தான் அவர் சொல்வார், நாங்கள் மறுத்தாலும் கேட்க மாட்டார்.

அந்த மாணவியின் தந்தை செய்யாறில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். அக்கா ஞாயிறுதோறும் போய் ஷிப்ட் பஸ்கள் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். என்னையும் துணைக்கு அழைத்தார்.

"அவங்க மறைஞ்சி இருக்கணும்னு போயிருக்காங்க. நீ தேடித் தேடியே காட்டிக் கொடுத்துடுவக்கா" என்றேன்.

அன்றோடு அவர் தேடுவதை நிறுத்தினார். நான் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தை நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறச் சோம்பல், அவ்வளவுதான். இதை அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகும் அந்தப் பாடத்தை அவர் விடவில்லை. முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார். "எழுதணும்னு கட்டாயம் இல்ல. எழுதினா நான் மட்டும்தான் படிப்பேன்" என்பார். படித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மறு ஜூன் மாதம் அந்தத் தந்தை மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தார். அன்று என் மகனுக்குப் பெங்களூரில் என் மாமியார் வீட்டில் காதுகுத்து. ஒருநாள் லீவு போட்டால் என்ன என்று சண்டை போட்டு அக்காவை வரவழைத்திருந்தேன். "டீச்சர் இல்லீங்களா? பொண்ணு பாத்துட்டு வரச் சொல்லிச்சி" என்று அலுவலகத்தில் கேட்டாராம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதை, ஊர் திரும்பியதும் அலுவலக எழுத்தரிடம் அக்கா இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார். என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த எட்டு மாதமும் அக்காவை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பழைய மாணவர்களுக்கும், சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், உடன் பணிபுரிந்த ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும்.

அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அம்மாடி, எப்படியாவது இந்த மலர் உன் கைக்கு வந்தால், நீ எங்கே இருக்கிறாய் என்று நாங்கள் கேட்க மாட்டோம். அக்கா உன்னிடம் நேரில் கேட்க நினைத்த மன்னிப்பை அவருக்காக நான் கேட்டுக்கொள்கிறேன்.