வக்கீல் ஞானசேகரன் நிறுத்திய ஜேசிபி

அயனம்பாக்கம் ஏரி ஒரு வருடம் நிரம்பாமல் போனதற்குக் காரணம், வக்கீல் ஞானசேகரன் முறைத்ததில் தண்ணீர் பயந்து பின்வாங்கியதுதான். அவர் இருமினால் ஜேசிபி ரிவர்ஸ் எடுக்கும். அவருடைய அறுபதாம் பிறந்தநாள் பேனருக்கு ஏரிக்கரைப் பையன் லோகேஷ் எழுதிக் கொண்டுவந்த வாசகம் இப்படித்தான் தொடங்கியது. "ஒரு வீடும் இடியாமல் காத்த தலைவா" என்று முடிந்தது.

ஞானசேகரன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

ஏரிக்கரை வீடுகளை இடிக்க நோட்டீஸ் வந்த சமயம் அவர்தான் வார்டு கவுன்சிலர். காலையில் கறுப்புக் கோட்டு, கோர்ட்டு. சாயங்காலம் வெள்ளைச் சட்டை, குழாயடிப் பஞ்சாயத்து. தடையாணை கேட்டு வழக்குப் போட்டார். தெருவே திரண்டு வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது. மீன் விற்கும் ராஜம்மா மட்டும் வரவில்லை. தேர்தலில் எதிராளிக்குக் கொடி பிடித்தவள், வர வெட்கம். ஞானசேகரன் ஆள் அனுப்பியிருக்கலாம். அவளே வரட்டும் என்று இருந்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டவர்களின் வீடுகளுக்கு மட்டும் தடையாணை கிடைத்தது. ஜனங்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கதவில் ஒட்டினார்கள். ராஜம்மாவும் பக்கத்து வீட்டில் வாங்கி ஒரு பிரதி எடுத்து ஒட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தாள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஜேசிபி வந்த காலையில் அதிகாரி கதவு கதவாகப் பெயரைச் சரிபார்த்தார். ராஜம்மா தன் கதவை மறித்து நின்றாள்.

"எங்கூட்டுக்கும் ஸ்டே கீது. வக்கீலே, நீயே படிச்சிச் சொல்லு."

அவள் பெயர் இல்லை என்பது அவருக்குப் படிக்காமலே தெரியும். ஆனாலும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டுக் கெஞ்சினார். நடக்கவில்லை. சுவர் விழுந்த பிறகு கதவு மட்டும் குங்குமத்தோடு முழுசாகக் கிடந்தது.

அவளுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வியாபாரம் நின்றது, அடுத்த மழைக்கு முன்பே செத்துப்போனாள். ஞானசேகரன் அதன்பின் தேர்தலில் நிற்கவில்லை. எந்த வழக்கிலும் தெருமுனைவரை போய், "யாராச்சும் உட்டுப்போச்சா?" என்று கேட்காமல் பேப்பரைக் கட்டுவதுமில்லை.

இதெல்லாம் லோகேஷுக்கும் தெரியும். தெரிந்துதான் பேனரில் அவளை விட்டிருந்தான்.

"ராஜம்மா ஊடு இன்னாடா ஆச்சு?" என்றார் ஞானசேகரன்.

பேனரில் இடம் பத்தவில்லை என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

"என் மூஞ்சியச் சின்னதா போடு. எடம் கெடைக்கும்."