இனியவனுக்கும் பூங்கோதைக்கும் பொருத்தம்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிக்கு இரண்டு வேலை. ஒன்று தோட்டத்து வேலை. மற்றது, முதல் நாள் இரவு ஏழரை மணிக்கு டிவியில் ஓடிய நாடகத்தை மறுநாள் காலை மலையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்வது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் காய்ச்சலோ தலைவலியோ, அந்த வேலைக்கு மட்டும் அவள் மட்டம் போட்டதே இல்லை. பக்கத்து வீட்டுத் தெரேசா, தன் டிவி பழுதாகிக் கிடந்ததால், மலையிலும் நாகலெட்சுமிக்குப் பக்கத்துத் தேயிலை நிரையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

அந்த நாடகத்தில் இனியவன் என்று ஒரு பையன், பூங்கோதை என்று ஒரு பெண். இரண்டு பேருக்கும் விருப்பம், இரண்டு வீட்டாருக்கும் வெறுப்பு. வேறென்ன இருக்கப் போகிறது? ஆனால் நாகலெட்சுமி அந்த ஜோடிக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். பூங்கோதை கோபித்துக்கொண்டால் இனியவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை, தப்பு தன்னுடையது என்றால் உடனே ஒத்துக்கொள்வான், இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன பொருத்தம் வேண்டும் என்று கேட்பாள்.

வீட்டில் அவள் வேறு ஆள். மகள் நிஷாந்திக்குப் பஜார் மருந்துக்கடையில் வேலை. அதே பஜாரில் ஆட்டோ திருத்தும் லோஜனை அவள் விரும்பினாள். மாசி மாதம் இருவர் ஜாதகத்தையும் நாகலெட்சுமி கோயில் பூசாரி பொன்னையாவிடம் காட்டினாள். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, தாலிக்கு ஆகாது என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. நிஷாந்தி அழுதாள், பட்டினி கிடந்தாள். தாயை விட்டுவிட்டு ஓடிப்போகவும் மனம் வராமல், கடைசியில் வாயை மூடிக்கொண்டாள்.

நாகலெட்சுமியைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கும் மூக்கனுக்கும் பொருத்தம் பார்க்காமல், அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. நிஷாந்தி நடை பழகிய வருடம் மூக்கன் காய்ச்சலில் போய்விட்டான். பொருத்தம் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று செத்த வீட்டில் யாரோ சொன்னது அவள் மனதில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. தான் பட்டதை மகளும் படக்கூடாது என்று பயந்தாள்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள், நாடகத்தில் பூங்கோதை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். தன் நட்சத்திரம் ரோகிணி, இனியவன் நட்சத்திரம் அஸ்தம் என்று ஐயரிடம் சொன்னாள். மறுநாள் மலையில் இதைக் கேட்டதும் தெரேசாவுக்குக் குறும்பு வந்துவிட்டது. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஜாதகமெல்லாம் அவளுக்கு வேடிக்கை. நட்சத்திரம்தான் தெரிந்துவிட்டதே, அக்காவின் ஜோடிக்கும் ஒருதரம் பொருத்தம் பார்த்துவிட்டால் என்ன என்றாள். நிரை முழுவதும் சிரித்தது. நாகலெட்சுமிக்கு ரோசம் வந்துவிட்டது.

மாலையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்ததும் நேரே கோயிலுக்குப் போனாள். தெரிந்த இடத்துப் பிள்ளைகள் என்று மட்டும் சொல்லி நட்சத்திரம் இரண்டையும் கொடுத்தாள். பொன்னையா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ரஜ்ஜு தட்டுகிறது, வேண்டாம் என்றார்.

"என்னாங்க பொசுக்குன்னு வேணாங்குறீங்க? அந்தப் பையன நீங்க பாத்திருக்கீங்களா? அவன் அவள எப்புடி வச்சுத் தாங்குறான்னு தெரியுமா? வெறும் நட்சத்திரத்தக் கேட்டுட்டு சொல்லிட்டா ஆச்சா?"

பொன்னையா வியப்போடு அவளைப் பார்த்தார்.

"நா கட்டத்தத்தான் தாயி பாப்பேன். பையனப் பாக்குறது ஒங்க வேல. ஒங்க மகளுக்கும் இதையேதான் சொன்னேன். அன்னைக்கு ஒரு வார்த்த கேக்காமப் போனீங்களே."

நாகலெட்சுமி கோயிலை விட்டு வெளியே வந்தாள். லயத்து வீட்டுக்கு இறங்கும் வழியெல்லாம் யோசித்தாள். இனியவன் தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இடது புருவத்தில் அவனுக்குத் தழும்பு இருப்பதும் தெரியும். லோஜனைப் பற்றி அவன் நட்சத்திரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. இல்லாத ஒருத்தனுக்காகப் பூசாரியோடு மல்லுக்கு நின்றவள், பெற்ற மகளுக்காக வாய் திறக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"வெள்ளிக்கெழம அந்தப் பையன வரச் சொல்லு, நாடகம் பாக்க," என்றாள் மகளிடம். நிஷாந்தி நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை லோஜன் வந்தான், கையில் ஒரு பை நிறைய சுடச்சுட, மீன் அடைத்த மாலுபாணோடு. மீன் வாசம் வீட்டுக்குள் நுழைந்ததுமே நிஷாந்தி பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் கவுச்சி கிடையாது என்று எத்தனை தரம் சொல்வது என்று அடிக்குரலில் அவனைக் கடிந்தாள். நாகலெட்சுமி டிவியைப் பார்ப்பதுபோல் இருந்தாள். பையன் முகம் இப்போது சுருங்கப் போகிறது என்று நினைத்தாள்.

"அட, ஆமால்ல. என் தப்புதான்," என்றான் அவன். பையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்த் தெரேசாவிடம் கொடுத்துவிட்டு, அவள் தந்த அவித்த கிழங்கோடு திரும்பி வந்தான். நிஷாந்தி கோபத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் டிவி பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. இனியவனுக்கு லோஜனும் பூங்கோதைக்கு நிஷாந்தியும் குரல் கொடுத்து, வாய்க்கு வந்ததைப் பேசத் தொடங்கினார்கள். மாசிக்குப் பிறகு மகள் இப்படிச் சிரித்து நாகலெட்சுமி கேட்டதில்லை. கிழங்குத் தட்டைக் கையில் வைத்தபடி சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மலையில் தெரேசா மாலுபாணைப் புகழ்ந்து முடித்துவிட்டுக் கதைக்கு வந்தாள். நேற்று நாடகத்தில் என்ன ஆயிற்று, கல்யாணம் நடந்ததா?

நாகலெட்சுமி யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே நினைவில்லை.

"தெரியல தெரேசா. நா டிவிப் பக்கம் பாக்கவே இல்ல."

சுற்றிலும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த எல்லோர் கைகளும் நின்றன.

"எனக்கு இன்னும் பயந்தான்," என்றாள் நாகலெட்சுமி. "இருந்தாலும் ரெண்டு பேருக்கும் தையில கல்யாணத்த வச்சிரலாம்னு இருக்கேன்."

இரண்டு நிரை தள்ளி நின்றவள், பையன் எப்படி என்று கேட்டாள். நாகலெட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மாலுபாணோடு வாசலில் வந்து நின்றதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.